லேப்டாப் பார்க்கும் படலம்

என் மாமியார் சீட்டு எடுத்தார். மாசம் 2,500 ரூபாய், 20 மாசச் சீட்டு. தள்ளுபடி போகக் கைக்கு வந்தது 47,000. அதை அப்படியே மஞ்சள் பையில் சுற்றி என்னிடம் கொடுத்து, "மாப்பிள்ளை, தம்பிக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் குடுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு வயிறு கலங்கியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மைத்துனன் இப்போதுதான் வேலைக்குப் போகிறான். "எதுக்குடா லேப்டாப்?" என்றேன்.

"ராத்திரி படம் பார்க்கணும் மாமா. அப்புறம் கொஞ்சம் கேம்."

"கொஞ்சம்னா?"

"வாலரன்ட், ஜி.டி.ஏ. ஃபைவ்... அவ்வளவுதான்."

சனிக்கிழமை ரிச்சி தெரு. முதல் கடைப் பையன் ஒன்றை எடுத்து வைத்தான். "ரைசன் ஃபைவ் சார், 7520யூ. ஏழாயிரம் சீரீஸ்!" ஏழாயிரம் என்றதும் மைத்துனன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எனக்கு வியர்த்தது. "டீ சாப்பிட்டு வரலாம் வா" என்று வெளியே இழுத்து வந்தேன்.

"டேய், அக்காகிட்ட சொல்லிடாதே. நம்ம வீட்டு லேப்டாப் ஒரு தண்டம்!"

ஆமாம் சார். இரண்டு வருஷம் முன்பு, கடன் வாங்கி, மாசம் 4,000 வீதம் 12 மாசம் கட்டினது. ஸ்டிக்கரில் முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினேன். கேம் போட்டால் ஹீரோ ஓடுவதில்லை. வாதம் வந்தவர் மாதிரி விட்டு விட்டு நகர்கிறார். வீட்டில் மட்டும் "சூப்பர் மிஷின்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் ராத்திரி ராத்திரியாகப் படித்ததை, ஒரு டீ செலவில் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கு டீ கூட வேண்டாம்.

ஒன்று, நம்பர். ரைசன் 7000 வரிசையில் முதல் 7 என்பது 2023 மாடல் என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் டிசைனின் வயசைச் சொல்வது மூன்றாவது எண். 7520-ல் அது 2. அதாவது 'ஜென் 2', 2019-ல் வந்த சமாசாரம். சட்டை புதுசு, ஆள் பழசு! ஆபீஸ் வேலைக்கும் படம் பார்க்கவும் அது போதும். ஆனால் அதோடு வரும் 610எம் கிராபிக்ஸில் இருப்பது இரண்டே கம்ப்யூட் யூனிட். 7535ஹெச்எஸ்ஸோடு வரும் 660எம்மில் ஆறு. கேம் ஆட ஆறு பேர் தேவலை.

இரண்டு, ராம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், கிராபிக்ஸ் என்பது ராமிடம் கடன் வாங்கிப் பிழைக்கிற ஜீவன். ஒற்றை 8 ஜி.பி. ராம் என்றால் ஒரே குழாயில் இரண்டு குடித்தனம். இரண்டு ராமாகப் போட்டால் குழாயும் இரண்டு, கேமும் வேகம். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தால் பிற்பாடு மாற்ற முடியாது. அதனால், "காலி ஸ்லாட் இருக்கா?" என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மூன்று, திரை. ஐ.பி.எஸ். என்று கேட்டு வாங்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு இருட்டு சீனை ஓடவிட்டு, தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பாருங்கள். டி.என். பேனலாக இருந்தால் கதாநாயகி போட்டோ நெகடிவ் மாதிரி தெரிவார். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், பணம் நம்முடையது.

கையில் கூடப் பணம் இருந்து, தனி கார்டு வைத்ததை வாங்குகிறவர்களும் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டும் உண்டு, 80 வாட்டும் உண்டு. எத்தனை வாட் என்று கேளுங்கள்.

ஏழு கடை ஏறி இறங்கினோம். நாலு கடையில் தரையில் உட்கார்ந்தேன். கடைசியில் 7535ஹெச்எஸ், ஐ.பி.எஸ். திரை, 8 ஜி.பி. ராம், ஒரு காலி ஸ்லாட், 46,500 ரூபாய். "போனஸ் வந்ததும் இன்னொரு எட்டைப் போட்டுடு" என்றேன். மிச்சம் 500-க்கு பிரியாணி.

சாயங்காலம் மாமியார் அதில் பழைய சிவாஜி படம் பார்த்தார். "இந்தக் கோடியிலேர்ந்து பார்த்தாலும் பளிச்சுனு இருக்கே!" என்றார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நம்ம லேப்டாப் மட்டும் நேரா உட்கார்ந்தாத்தானே தெரியுது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். மைத்துனன் பொறுக்கவில்லை. "அக்கா, மாமா அதுல பட்டுப் படிச்சதாலதான் எனக்கு இது கிடைச்சுது" என்று போட்டு உடைத்துவிட்டான்.

இவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. விரல் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பன்னிரண்டு நாலு...

"நாற்பத்தெட்டாயிரம்! டியூஷன் ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்திதாங்க" என்றாள்.

அடுத்த சீட்டில் நானும் சேர்ந்திருக்கிறேன்.