வீட்டிலே செய்யும் மோட்டார் வண்டி

தமிழாசிரியருக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று பழைய மாணவருட் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். 'பிரித்தெழுதுக', 'சேர்த்தெழுதுக' என்று பல்லாண்டுகளாக வினாக் கொடுத்து வருபவர் யாம். அவ்விரு வினாக்களுக்கும் இரும்பிலே விடை எழுதியவர் ஒருவர் இருந்தார்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893 ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளியில் அதிகம் கற்றவரல்லர். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தால் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அந்தக் கையே 1937 இல் மின்மோட்டார் செய்தது. 1952 இல் இருவர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் வண்டியையும் செய்தது. விலை 2,000 ரூபா. அரசினர் உரிமம் வழங்கவில்லை. வண்டி அவ்வளவில் நின்றது.

இங்கிலாந்திலே நிகழ்ந்தது வேறு. லோட்டஸ் கம்பனியார் 1957 இல் வெளியிட்ட 'செவன்' என்னும் சிறு வண்டியை உறுப்புகளாகவே வாங்கலாம். முழு வண்டிக்குக் கொள்வனவு வரி உண்டு, உறுப்புகளுக்கு இல்லை. ஆதலின் பலர் தத்தம் வீட்டிலேயே வண்டியைப் பூட்டிக்கொண்டனர். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்று அஞ்சிக் கழற்றும் முறையைக் கொடுத்தார்கள் என்றும், வாங்கியவர் அதனைக் கடைசியிலிருந்து வாசித்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. நன்னூலார் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்! 1973 இல் வரிமுறை மாறி அச்சலுகை போயிற்று. எனினும், தனியொருவர் செய்த வண்டியைச் சோதித்து, பிரேக்கும் விளக்கும் பிறவும் செம்மையாயின் வீதியில் விடும் ஏற்பாடு அந்நாட்டில் இன்றும் உண்டு.

எமது துணிபு இதுவே: செய்பவனைக் கடுமையாகப் பரீட்சிக்கலாம், பரீட்சைக்கு வரும் வழியையே அடைத்தலாகாது. வீதியிலே பிறர் உயிரும் உண்டென்பதை யாம் மறந்திலேம். அதனாலேயே பரீட்சை வேண்டும் என்கின்றோம்; அது ஏழை மாணாக்கனும் அணுகத்தக்கதாய் இருத்தலும் வேண்டும்.

திறமைக்கு இங்கே குறைவில்லை. 2020 முதல் 2025 வரை தனியார் கார்களின் இறக்குமதி நின்றிருந்தபோது பழைய வண்டிகளை ஓடவைத்தவை வீதியோரக் கராஜ்களின் கைகளே. எம் வயல்களில் உழும் 'லான்ட்மாஸ்டர்' என்னும் இருசில்லு இயந்திரத்தின் ஆக்கத்திற் பங்குகொண்ட ரே விஜேவர்தன எம் நாட்டு எஞ்சினியர்; சிறு விமானங்களையும் தாமே கட்டிப் பறந்தவர். அவர் 2010 இற் காலமானார். இவ்வளவும் கண்டபின்னரும், பரீட்சையிலே தவறியவனுக்கே கராஜ் என்று எண்ணும் பெற்றோரை நாடோறும் காண்கின்றோம். இவ்வெண்ணத்தை வளர்த்ததிற் பள்ளிக்கூடங்களுக்கும் பங்குண்டு.

ஜூபிலி நினைவாக வளைவொன்று கட்டலாம் என்பாருளர். எமக்கோ ஒரு கொட்டகை போதும்: பழைய எஞ்சின் ஒன்று, சாவிக்கட்டு ஒன்று, வெல்டிங் இயந்திரம் ஒன்று. முதலாண்டிற் கழற்றிப் பூட்டுக. அடுத்த ஆண்டிற் சட்டகம் செய்க. வாவியின் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்னுமாதலால் பூச்சு வேலையையும் கையோடு கற்பிக்கலாம். துறைமுகத்திலே படகு எஞ்சின் திருத்தும் பழைய மாணவர் நம்மிடையே உளர். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் வந்து நிற்க இசைவோர் தம் பெயரை அதிபரிடம் கொடுப்பாராக.