காரக்கோணத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. போன வாரம் அத்தான். "மாப்ளே, மெடிக்கல் காலேஜ் பக்கத்துல ஒரு வீடு வந்திருக்கு. வாங்கிப் போட்டா மாசம் வாடகை சும்மா வரும்லா." இங்கே மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை நாலு குடும்பம் சேர்ந்தாலும் இதே கதைதான். சரி, ஒரு பதிவாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

காரக்கோணம் தெரியாதவர்களுக்கு: நெய்யாற்றின்கரை தாலுகாவில் எல்லையை ஒட்டின ஊர். பனச்சமூடு பக்கம் போனால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அதனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் வீட்டுக்கு 'ஆதாரம்', இன்னொருவர் வீட்டுக்கு 'பத்திரம்'. என் சின்ன வயசில் ஊரில் ரப்பரும் மரச்சீனியும்தான். டாக்டர் சாமர்வெல் பேரில் (எவரெஸ்ட் ஏறப்போனவர், நெய்யூரில் ஆபரேஷன் செய்தவர், அவரேதான்) சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி 2002-ல் வந்த பிறகுதான் 'வாடகைக்கு' என்ற போர்டே கண்ணில் பட ஆரம்பித்தது. மாணவர்கள், நர்சுகள், நோயாளிக்குத் துணை இருக்க வருபவர்கள். ஆள் வரும் என்று அத்தான் சொல்வது பொய் இல்லை.

ஆனால் 'சும்மா வரும்' என்றாரே, அதில்தான் எனக்குத் தகராறு.

ஒரு பேச்சுக்கு 45 லட்சத்துக்கு வீடு என்று வையுங்கள். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8, பதிவுக்கட்டணம் 2, ஆக நூற்றுக்குப் பத்து. முழு விலையையும் காட்டினால் (காட்டத்தான் வேண்டும்) நாலரை லட்சம். வாடகை மாதம் 12,000 என்றால் முதல் மூன்று வருட வாடகை பதிவு ஆபீசுக்கே சரி. வருடத்துக்கு 1,44,000, போட்ட பணத்தில் மூன்று சதவீதம்கூட இல்லை. ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், மோட்டார் போகும், பெயிண்ட் அடிக்கணும். அதற்கு மேல் வரி. வெளிநாட்டுவாசிக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் பிடித்துக் கட்டவேண்டும் என்பது சட்டம். குடியிருக்கிற நர்சுக்கு இது எங்கே தெரியப்போகிறது? நாம்தான் சொல்லவேண்டும். பிடித்தது கூடுதலாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், அதற்கும் அலையணும். வாடகை வந்து விழுவது என்.ஆர்.ஓ. கணக்கில். இன்னொன்று, வீட்டோடு சேர்ந்து அரை ஏக்கர் ரப்பரும் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நில்லுங்கள். விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் நம்மால் விலைக்கு வாங்க முடியாது. அப்பா வழியில் வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அதனால் என் கட்சி இது: புதுசாக ஒன்று வாங்கும் முன் பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறங்கள்.

நானும் திறக்காமல் இருந்தவன்தான். அம்மா போய் நாலு வருடம் பூட்டியே கிடந்தது. அம்மா படுத்த கட்டிலில் வேறு ஆளா என்று மனசு வரவில்லை. லீவில் போய்க் கதவைத் திறந்தால் அந்தக் கட்டிலையே கறையான் தின்றிருந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை. காலையில், "ஆள் இருந்தா வீடு இருக்கும்" என்றாள்.

விடலாம் என்று முடிவு செய்ததும்தான் அடுத்த சிக்கல். கரம் ரசீது இன்னும் அப்பா பேரில். போக்குவரவு செய்ய வில்லேஜ் ஆபீஸ் போனால் வாரிசு எல்லாரும் வேண்டும். அக்காவைக் கேட்காமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, உயில் இல்லாத எங்களைப் போன்ற திருவிதாங்கூர் கிறிஸ்தவக் குடும்பங்களில் மகளுக்கும் சம பங்கு. தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் 'நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம்' என்கிற பேச்சு மட்டும் ஓயவில்லை. நான் அக்காவுக்கு போன் போட்டேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "அம்மாவுக்க அலமாரியை மட்டும் நான் எடுத்துக்கிடட்டா?" என்றாள்.

முதலில் வந்த குடித்தனக்காரர் தெரிந்தவராச்சே என்று வாய்வார்த்தையாக விட்டேன். ஐந்து மாத வாடகை போச்சு, உறவும் போச்சு. இப்போது பதினொரு மாத ஒப்பந்தம், இரண்டு சாட்சி, மீட்டர் ரீடிங்கின் போட்டோ எல்லாம் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது. தாளே வேண்டாம் என்று சொல்கிற புரோக்கரிடம் போகாதீர்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. வாடகையில் பாதி அக்காவுக்குப் போகிறது. பெரிய தொகை இல்லை. போன மாதம் கிணற்றடியில் தொழி எடுத்துக் கத்திரி நட்டிருக்கிறார்கள் என்று போட்டோ அனுப்பினார்கள்.

அத்தானிடம் சொல்லிவிட்டேன், அந்த வீட்டை வேறு யாராவது பார்க்கட்டும். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. கமிஷன் பேசி வைத்திருந்தாரோ என்னவோ :)