ரியூரிங்குக்கு ஒரு மாலை, பக்கத்து இருக்கைக்காரனுக்கு ஒரு நக்கல்

கணினி படிக்கிற எல்லாருக்கும் அலன் ரியூரிங்கைத் தெரியும். கணினி விஞ்ஞானத்துக்கு அடித்தளம் போட்டது அவர் 1936 இல் எழுதிய கட்டுரை. இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியரின் எனிக்மா குறியீட்டை உடைத்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு. பிறந்தநாள் வந்தால் படம் போட்டு 'மேதை' எண்டு எழுதுறம்.

அந்த மேதைக்கு என்ன நடந்தது? ஓர் ஆணோடு உறவு வைத்திருந்ததற்காக 1952 இல் பிரித்தானிய நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் பதிலாக உடம்பில் ஹோர்மோன் ஏற்றினார்கள். 1954 இல், 41 வயதில், சயனைட் நஞ்சால் செத்தார். 2013 இல் அரச மன்னிப்பு. 2021 இல் 50 பவுண் தாளில் அவருடைய முகம். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு? மன்னிப்புக் கேட்க வேண்டியது அரசல்லவா?

பிரித்தானியாவைப் பார்த்து நாங்கள் சிரிக்கேலாது. அவர்கள் 1883 இல் இங்கே விட்டுப்போன தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளும் இதே உறவைத்தான் குற்றமாக்கின. 1995 இல் அதைத் திருத்தியபோது நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்துக்கொண்டோம். நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 இல் உயர் நீதிமன்றமே சொன்னது. 'எங்கட கலாசாரம்' எண்டு கத்துறவைக்கு ஒண்டு சொல்லுறம்: நீங்கள் காவல் காக்கிறது விக்ரோறியா மகாராணியின் கலாசாரத்தை.

ரியூரிங்கை உண்மையாக மதிக்கிறீர்களா? படம் போடுவதை விடுங்கோ. வகுப்பில் ஒருவனுடைய நடையைப் பார்த்து நாலுபேர் நக்கலடிக்கும்போது வாயைத் திறவுங்கோ.