பேர் பிரபுவுக்கு! பாடு யாருக்கு?

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் போய், "இந்தக் கால்வாயை வெட்டினது யார்?" என்று கேட்டால், "பக்கிங்காம் துரை" என்று பதில் வரும். தோழர்களே! அந்தத் துரை என்றைக்காவது மண்வெட்டி பிடித்தாரா? கூடை சுமந்தாரா? ராஜா வெட்டின குளம், ஜமீன்தார் கட்டின சத்திரம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காதுக்கு இதுவும் சந்தேகமில்லாமல் ஏறிவிடுகிறது.

நடந்ததைச் சொல்லுகிறோம். சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806இல் முதல் கால்வாயை வெட்டுவித்தவர் பேசில் கொக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி. பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837இல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, பட்டினி கிடந்த ஏழைகளைக் கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். 1878இல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டினார்கள்.

இந்தப் பிரபுவின் குடும்ப யோக்கியதை என்ன? தகப்பனார் இங்கிலாந்திலேயே பேர்போன கடனாளி. 1848இல் அவருடைய ஸ்டோ மாளிகைச் சாமான்கள் நாற்பது நாள் ஏலம் போயின. மகன் ரயில்வே கம்பெனித் தலைவராயிருந்து, 1875இல் இங்கே கவர்னராக வந்தார். ஆண் வாரிசில்லாமல் 1889இல் அவர் இறந்ததோடு பட்டமும் ஒழிந்தது. அங்கே செத்துப்போன பட்டம் இங்கே உப்புத் தண்ணீரில் உயிரோடிருக்கிறது!

அவரை மாத்திரம் ஏசுவது நமது நோக்கமல்ல. பஞ்சத்துக்காக 1877இல் இங்கிலாந்து மக்களிடம் உதவி கேட்டவரும் அவர்தான். வைசிராய் லிட்டன் பிரபுவோ, ஜனங்கள் சோறின்றிச் சாகும்போதே 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தார். சென்னை சர்க்கார் நிவாரணத்துக்கு அதிகமாய்ச் செலவழிக்கிறதென்று குறைகூறி, சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும், பெண்ணுக்கு அதிலும் குறைவு என்றார் டெம்பிள். அது போதாது, ஒன்றரை ராத்தலும் பருப்பும் வேண்டும் என்று வாதாடியவரும் ஒரு வெள்ளைக்காரர்தான்: மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். சில மாதங்களில் அந்தக் கூலியைக் கைவிட வேண்டியதாயிற்று. பஞ்சத்தில் மாண்டவர்கள் குறைந்த கணக்கிலேயே 50 லட்சத்துக்கு மேல். டெம்பிள் அந்த வருஷமே பம்பாய் கவர்னரானார். கார்னிஷ் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மண் சுமந்தவன் பெயர் ஒன்றாவது தெரியுமா?

நிற்க. வெள்ளைக்காரனைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம், நம்மவர் சங்கதியை மூடி வைப்பது யோக்கியமாகாது. இதே ஏரியில் "பாடு" என்று ஒரு பரம்பரை வழக்கம் உண்டு. இறால் விழும் இடங்களைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது. அடிதடியில்லாமல் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் ஏறுவதற்குப் பட்டினவர் ஜாதியில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கு அதில் இடமில்லை. தாழ்த்தப்பட்டவருக்கும் இல்லை. மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கும் இல்லை. பிரபுவாய்ப் பிறந்ததற்காக ஒருவர் பெயர் கால்வாய்க்கு ஏறிற்று என்று சிரிக்கிறோமே, பிறப்பைப் பார்த்துத் தண்ணீரைப் பங்கிடும் நமக்குச் சிரிக்க உரிமை ஏது?

ஆகவே, கால்வாயின் பெயரை மாற்றக் கிளர்ச்சி செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பலகையை மாற்றினால் எவன் வயிறும் நிறையாது. பிள்ளைகள் கேட்டால், "பக்கிங்காம் காலத்தில் பட்டினி கிடந்தவர்கள் இதற்கு மண் சுமந்தார்கள்" என்று சொல்லுங்கள். மனிதனைத் தோலையும் பட்டத்தையும் ஜாதியையும் கொண்டு அளக்காமல், செய்த காரியத்தைக் கொண்டு அளக்கப் பழக்குங்கள். அடுத்த தடவை சீட்டுப் போடும்போது, கரையில் ஒதுங்கி நிற்பவன் யார் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.