ஆணியில் தொங்கும் மஞ்சப்பை

ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டுத் தையல் மிஷினுக்கு நேர் மேலே ஓர் ஆணி. அதில் ஒரு மஞ்சப்பை. உள்ளே இருப்பதெல்லாம் நான் தைத்துக் கெடுத்தவை. கை மாறிப்போன ஜாக்கெட், கழுத்து இழுக்கிற பாவாடைச் சட்டை, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிய ஜன்னல் திரை. "பொங்கல் கழியட்டும், பார்த்துக்கலாம்" என்று மாட்டினேன். இரண்டு பொங்கல் கழிந்துவிட்டது.

ஜாக்கெட் கதையைக் கேளுங்கள். கை வெட்டும்போது முன்பக்க வளைவைக் கொஞ்சம் உள்வாங்கி வெட்டுவோம். பின்பக்கம் மேடாக விடுவோம். அவசரத்தில் வலது கையை இடதிலும் இடதை வலதிலும் வைத்து ஓட்டிவிட்டேன். போட்டால் முன்னால் துணி புடைக்கிறது, கையைத் தூக்கினால் முதுகில் பிடிக்கிறது. எங்கள் ஊர் அர்த்தநாரீசுவரர் கோயிலில் நடந்த உறவுக்காரக் கல்யாணத்துக்கென்றே தைத்தது. பழைய ஜாக்கெட்டில் போய் வந்தேன்.

போன வாரம் கடிகாரம் பார்த்துக்கொண்டே பிரித்தேன். இரண்டு கையும் பிரிக்க 20 நிமிடம், மாற்றி ஓட்ட 15. இந்த முக்கால் மணி நேரம்கூட இல்லாத வேலைக்குத்தான் ஒன்றரை வருஷம்.

சோம்பேறித்தனம் என்பார் மாமியார். ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே ஒன்றரை வருஷமும் அதே மிஷினில் தெருவுக்கே தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையைத் தொட்டால் மட்டும் வயிற்றில் ஒரு சங்கடம். "கை வைக்கக்கூடத் தெரியலையா உனக்கு" என்று துணியே கேட்கும். ஃபுஷியா சிராய், திமதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்: வேலையைத் தள்ளிப்போடுகிறவர் அது கிளப்பும் மனச்சங்கடத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கிறாராம். மாமியாரிடம் காட்ட வேண்டும்.

பிரிப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைச் சர்க்கரை மூட்டை மாதிரியானவற்றின் வாயைப் பிரித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கையோடு வந்துவிடும். அது சங்கிலித் தையல். வீட்டு மிஷின் தையல் அப்படி வராது. மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். வேகமாக இழுத்தால் துணிதான் கிழியும். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்று என்று பிளேடு நுனியால் அறுத்துக்கொண்டே போங்கள். அப்புறம் மறுபக்க நூலை இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வரும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ராத்திரியில் உட்கார்ந்து, நூலோடு துணியையும் அறுத்தவள் சொல்கிறேன். பருத்தியில் ஊசித் துளை தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மறையும்; பட்டில் அப்படியே நிற்கும்.

பிரிக்கும்போது கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உளி ஒரு நூல் கூடுதலாக இறங்கிச் சாமியின் மூக்கு நுனி போனால் போனதுதான். ஆசாரிக்கு நூல் என்பது அளவு; நமக்கு அது பிரித்துக் கோக்கிற சமாச்சாரம். எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் நாம்!

இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் பிரிப்பது மட்டும். அன்றைக்கு மிஷின் பக்கமே போவதில்லை. பிரித்த துண்டுகள் பாயில் கிடக்கும். சனிக்கிழமை அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கச் சலிப்பாகி, தானாகவே மிஷினில் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஜாக்கெட் ஆயிற்று. திரையும் ஆயிற்று. பாவாடைச் சட்டையைப் பிரித்துக் கழுத்தைத் திருத்தி நேற்று எதிர்வீட்டுச் சிறுமியிடம் கொண்டுபோனேன். அளவெடுத்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தவள் இப்போது நான்காம் வகுப்பு. தலைகூட நுழையவில்லை. சட்டை தங்கைக்குப் போயிற்று. அக்காவுக்கு நான் ஒன்று பாக்கி.