வீட்டுடையும் பண்பாட்டுக் காவலரும்

தமிழர் பண்பாட்டின் வீழ்ச்சியை அளந்தறிய முற்படுவோர் கைக்கொள்ளும் அளவுகோல்களுள் ஒன்று, பெண்கள் வீட்டில் அணியும் உடையாகும். சேலை மறைந்து ஹவுஸ்கோட்டும் நைற்றியும் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டன என்றும், உறங்குதற்கெனத் தைக்கப்பட்ட உடை பகலிற் படலைவரை வந்துவிட்டது என்றும், அதனால் வீட்டின் இலட்சுமிகரமே அகன்றுவிட்டது என்றும் மேடைதோறும் முறையிடப்படுகின்றது. இம்முறையீட்டின் வரலாற்று அடிப்படையும் சமூக அடிப்படையும் யாவை என்பது ஆராயற்பாலது.

முதலில் வரலாற்றை நோக்கலாம். பிஜாமா என்னும் சொல் கால், ஆடை எனப் பொருள்படும் இரு பாரசீகச் சொற்களின் சேர்க்கையாற் பிறந்து, இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. வட இந்தியாவில் மக்கள் பகலில் அணிந்த இத் தளர்ந்த காற்சட்டையை அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் துயிலுடையாக்கிக் கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது இங்கிலாந்திலும் ஆடவரின் இரவுடையாகப் பரவியது. கீழைத்தேயத்தின் பகலுடை மேலைத்தேயத்தின் இரவுடையாயிற்று. மேலைத்தேயத்தின் இரவுடையோ இன்று கீழைத்தேயத்து இல்லங்களின் பகலுடையாகியுள்ளது. எனவே, ஓர் உடை இன்ன வேளைக்கே உரியது என்பது இயற்கையின் விதியன்று. காலமும் தேவையும் வகுக்கும் வழக்கேயாகும்.

மரபின் முத்திரையாகக் காட்டப்படும் சேலையும் ரவிக்கையும் இணைந்த கோலமும் இவ்வாறு வரலாற்றில் உருவானதே. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல தசாப்தங்கள் போராட நேர்ந்தது. 1859ஆம் ஆண்டின் அரச பிரகடனங்கூட, உயர்சாதிப் பெண்களைப் போன்று அணிதலாகாது என்ற நிபந்தனையுடனேயே அவ்வுரிமையை வழங்கிற்று. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேலாடை மறுக்கப்பட்டிருந்தமை மறைக்க முடியாத உண்மையாகும். அன்று ஆடை அணிந்தமை குற்றமாயிற்று; இன்று ஆடை மாறியமை குற்றமாகின்றது. இரு காலத்திலும் தீர்ப்பு வழங்கியோர் அவ்வாடையை அணிந்தோர் அல்லர்.

இனி, ஆடவரின் வீட்டுடையாகிய சாரத்தை எடுத்துக்கொள்வோமாயின், அதுவும் தமிழர் கண்டுபிடித்ததன்று. மலாய் உலகின் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கின்றது. வேட்டியை வீட்டிலிருந்து பெருமளவு அகற்றியதும் அதுவே. எனினும், சாரத்துடன் சந்திவரை செல்லும் ஆடவரைப் பண்பாட்டுத் துரோகி என எவரும் கூறுவதில்லை. 2020ஆம் ஆண்டின் கொவிட் ஊரடங்கின்போது, திரையில் தெரிந்த மேற்பாதியிற் சேட்டும் தெரியாத கீழ்ப்பாதியிற் சாரமுமாக இணையவழிக் கூட்டங்களில் அமர்ந்திருந்தோர் பலர். அது நகைச்சுவையாகவே கொள்ளப்பட்டது. அதே சலுகை நைற்றிக்கு ஏன் இல்லை?

விடை துணியில் இல்லை, உழைப்பில் உள்ளது. இலவசக் கல்வியின் விளைவாக உத்தியோகம் பெற்ற பெண், மாலையில் வீடு திரும்பியதும் சேலையைக் களைந்து ஹவுஸ்கோட்டை அணிகின்றாள். அதே வேளையில் அவள் கணவன் காற்சட்டையைக் களைந்து சாரத்தை உடுத்துகின்றான். அவன் உடை மாற்றுவது சாய்மனைக் கதிரையில் அமர்வதற்கு. அவள் உடை மாற்றுவது அடுப்படியில் அடுத்த வேலையைத் தொடங்குவதற்கு. தேங்காய் துருவவும், உடுப்புத் தோய்க்கவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும் ஆறு யார்ச் சேலையிலும் மலிவான, தோய்த்துக் காயவைக்க எளிதான, தளர்ந்த பருத்தி உடையே ஏற்றது. ஆதலின் நைற்றி பெயரளவிலேயே துயிலுடை. பயன்பாட்டிலோ அது ஊதியமற்ற வீட்டுழைப்பின் சீருடை. அதனை ஒழுக்கக்கேடு என்போர் உடையைக் காண்கின்றனர். உழைப்பைக் காண மறுக்கின்றனர்.

இம்மறுப்பு வெறும் முணுமுணுப்புடன் நிற்பதுமில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் தோகலபள்ளிக் கிராமத்தில் 2018ஆம் ஆண்டில் ஊர்ப் பெரியோர் ஒரு தடையை விதித்தனர். காலை 7 மணி முதல் மாலை 7 மணிவரை நைற்றி அணியும் பெண்ணுக்கு 2000 ரூபா தண்டம். காட்டிக்கொடுப்பவருக்கு 1000 ரூபா சன்மானம். ஈழத்தில் இத்தகைய தண்டம் இல்லை என ஆறுதல் கொள்வோர், படலையடியில் யாரேனும் அழைத்ததும் பெண்ணின் கை தானாகவே துவாயைத் தேடித் தோளில் இடுவதை நோக்குவாராக. அறிவிக்கப்படாத சட்டமே அறிவிக்கப்பட்ட சட்டத்திலும் வலிது.

மறுபுறத்தில், நைற்றியையே பெண் விடுதலையின் கொடியாகப் போற்றுவோரின் வாதமும் ஏற்கத்தக்கதன்று. உடை தளர்ந்தமையால் வேலை குறைந்துவிடவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் இறக்குமதிப் பண்டங்கள் சந்தையில் மலிந்தன. மலிந்த துணியைச் சுதந்திரம் எனக் கொள்வது வணிகரின் மொழியாகும். கட்டுநாயக்கவில் 1978இல் உருவான வர்த்தக வலயம் தொடக்கம், 2009இன் பின்னர் வன்னியில் எழுந்த தொழிற்சாலைகள் வரை, ஏற்றுமதி ஆடைகளைத் தைப்போர் பெரும்பாலும் இளம் பெண்களே. மேலை நாட்டவர் இல்லத்தில் இளைப்பாறும்போது அணியும் உடைகளும் இந்நாட்டுத் தொழிற்சாலைகளில் தைக்கப்படுகின்றன. பிறரது ஓய்வுக்காக உடை தைப்பவளுக்குத் தன் வீட்டில் ஓய்வில்லை. அவள் ஈட்டித்தரும் அந்நியச் செலாவணியிற் பண்பாட்டுக் காவலர் எக்குறையும் காண்பதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, சேலையா நைற்றியா என்பது பொய்யான வினா. வீடு எவருக்கு ஓய்விடம், எவருக்கு வேலைத்தலம் என்பதே மெய்யான வினா. அதற்கு விடை காண விழைவோர் உடைக்கு விதி வகுத்தலை விடுத்து, வீட்டுவேலையைப் பங்கிட முன்வரல் வேண்டும். பெண்ணின் தோளில் துவாய் உள்ளதா எனப் பார்க்கும் கண்கள், அடுக்களையில் அவளுக்குத் துணையாக எவரேனும் நிற்கின்றனரா என்பதை முதலிற் பார்க்கட்டும். பண்பாடு பற்றிய பேச்சை அதன் பின்னர் தொடங்கலாம்.