ஊரா? காலனியா?

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவராகட்டும், தபால் கொண்டு வருகிறவராகட்டும், கம்பெனிச் சாமானை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருகிற பையனாகட்டும், தியாகதுருகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நுழைந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி "ஊரா? காலனியா?" என்பதுதான். கேட்கிறவருக்கும் கூச்சமில்லை, பதில் சொல்லுகிறவருக்கும் கோபமில்லை. ஏதோ கிழக்கா மேற்கா என்று கேட்பதைப் போல நடந்து போகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன? ஊர் என்றால் ஜாதிக்காரர் குடியிருக்கிற இடம். காலனி என்றால் ஊரில் சேராத இடம். அதாவது அங்கே குடியிருப்பவர் வரி கட்டினாலும், ஓட்டுப் போட்டாலும், ஊரார் வயலிலே நாற்று நட்டாலும் அவர் "ஊர்"க்காரர் அல்ல! "நீ என்ன ஜாதி?" என்று நேராகக் கேட்க வெட்கப்படுகிற காலத்தில், அதையே விலாசமாக மாற்றிக் கேட்கிறார்கள். இவ்வளவுதான் சங்கதி.

நமக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர், பட்டம் பெற்றவர், வேலை கிடைத்துப் பட்டணம் போய் வாடகைக்கு வீடு தேடினார். வீட்டுக்காரர் மரியாதையாக உட்கார வைத்தார், காப்பியும் கொடுத்தார், முன்பணமும் பேசி முடித்தார். பிறகு ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். விலாசத்தில் "காலனி" என்றிருந்தது. "மறந்தே போய்விட்டேன் தம்பி, என் மைத்துனர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாலிபருடைய படிப்பும் சம்பளமும் நடத்தையும் சம்பாதித்துக் கொடுத்த யோக்கியதையை ஒரு வார்த்தை பறித்துக்கொண்டது. வெறும் வார்த்தைதானே என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

சரி, அந்த வார்த்தைகளின் யோக்கியதையைத்தான் கொஞ்சம் பார்ப்போம். காலனிக்கு முன்னிருந்த பெயர் சேரி. சேரி என்றால் மக்கள் சேர்ந்திருக்கும் இடம் என்பதைத் தவிர அதில் ஒரு இழிவும் இல்லை. கி.பி. 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெரிய ஜனநாயகச் சின்னம் என்று கொண்டாடுகிறார்களே, அந்த ஊர் பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். அதில் பன்னிரண்டு சேரிகள் இருந்ததாக அக்கல்வெட்டே சொல்லுகிறது. ஆகவே பிராமணர் குடியிருந்ததும் சேரிதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டுகளிலோ கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று தனித்தனியே வருகிறது. எல்லோருக்கும் பொதுவாயிருந்த சொல் பிறகு ஒருவருக்கு மட்டும் முத்திரையாயிற்று. மற்றவர்கள் அக்கிரகாரம், தெரு, வீதி என்று பெயரை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கும் நமக்குக் கிழக்கே கடற்கரையில் ஒரு பட்டணம் புதுச்சேரி என்ற பெயரோடு இருக்கிறது. பாண்டிச்சேரி என்பதை மாற்றி 2006-ல் சட்டப்படி புதுச்சேரி ஆக்கினார்கள். அங்கே குடியிருப்பவர் யாராவது "எங்கள் ஊர்ப் பெயரில் சேரி இருக்கிறது" என்று தலை குனிகிறார்களா? இல்லையே! அப்படியானால் இழிவு சொல்லிலா இருக்கிறது? சொல்லை வைத்து மனிதனைத் தள்ளிவைக்கிற புத்தியில் இருக்கிறது.

காலனியின் கதை இன்னும் வேடிக்கை. அது லத்தீன் பாஷைச் சொல். நிலத்தை உழுவது, குடியிருப்பது என்ற வினையிலிருந்து பிறந்தது. உழவனைக் குறிக்கும் சொல்லும் அதிலிருந்தே வந்தது. ரோமாபுரியார் தங்கள் பட்டாளத்தாருக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடங்களுக்குக் கவுரவமாக வைத்த பெயர் அது. ஜெர்மனி தேசத்துக் கொலோன் நகரம் கி.பி. 50-ல் அந்தப் பட்டத்தைப் பெற்று இன்றளவும் அதையே பெயராக வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் ரயில்வே காலனி உண்டு, பாங்கி உத்தியோகஸ்தர் காலனி உண்டு. அங்கே வீடு வாங்க லட்சம் லட்சமாகக் கொட்டுகிறார்கள். ஆனால் சர்க்கார் மனைக்கட்டு கொடுத்து ஆதிதிராவிடருக்கு வீடு கட்டித் தந்த இடத்துக்கு அதே பெயர் போனவுடன் நாற்றமெடுத்துவிட்டதாம்!

மனிதனுக்கு வைத்த பெயர்களும் இப்படியே. பஞ்சமர் என்றார்கள். 1922-ல் சென்னை சர்க்கார் ஆதிதிராவிடர் என்று மாற்றியது. காந்தியார் ஹரிஜன் என்று சொல்லி 1933-ல் அந்தப் பெயரிலேயே பத்திரிகையும் நடத்தினார். இரட்டைமலை சீனிவாசன் அவர்களோ 1893-லேயே "பறையன்" என்ற பெயரில் பத்திரிகை தொடங்கி, எந்தச் சொல்லால் இழித்தார்களோ அதையே தலைப்பாக அச்சடித்துக் காட்டினார். மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயம், பிராமணன் பெயர் மங்களத்தையும், க்ஷத்திரியன் பெயர் பலத்தையும், வைசியன் பெயர் பொருளையும், சூத்திரன் பெயர் இழிவையும் காட்ட வேண்டும் என்கிறது. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூட இழிவைப் பெயராகச் சூட்டச் சொன்னது உலகத்தில் வேறு எந்தச் சட்டம்? இதை அறிந்துதான் 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் செய்தது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் "காலனி" என்ற சொல் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜாதிப் பெயருள்ள தெருக்களின் பெயரை மாற்றவும் உத்தரவு பிறந்தது. நாம் இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பதோடு தூங்கிவிடக் கூடாது. சேரி போய்க் காலனி வந்தது போல, காலனி போய் ஒரு "நகர்" வரும். மறுநாளே "ஊரா? நகரா?" என்று கேட்பார்கள்! பலகையை மாற்றுகிறவர்கள், இரண்டு சுடுகாடு ஏன், இரண்டு தண்ணீர்த் தொட்டி ஏன், தேர் அந்தத் தெருவுக்குள் போகாதது ஏன் என்றும் கேட்டால்தான் பெயர் மாற்றத்துக்குப் பலன் உண்டு. அதற்காகப் பலகையை மாற்றவே வேண்டாம் என்று வாதிப்பவர்களுடைய யோக்கியதையும் நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டு விலாசத்தில் அந்த வார்த்தை இல்லை.

நம் ஊர்ப் பெயரிலுள்ள துருகம் என்பதற்குக் கோட்டை, எளிதில் நுழைய முடியாத இடம் என்று பொருள். மலைமேல் இருந்த அந்தக் கோட்டைக்குள்ளும் 1761-ல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றி நுழைந்துவிட்டார்கள். ஆனால் மதிலும் பீரங்கியும் இல்லாத இந்த "ஊர்" என்கிற துருகத்துக்குள், அதைச் சோறு போட்டு வளர்க்கிறவனே இன்னும் நுழைய முடியவில்லை.

ஆகவே தோழர்களே, இன்று முதல் யாராவது "ஊரா, காலனியா?" என்று கேட்டால், "எந்தத் தெரு, எத்தனையாம் நம்பர் என்று கேளுங்கள்" என்று திருப்பிச் சொல்லுங்கள். ஊருக்குள் இருக்கிறவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களே.